கோஷ்டி பாரிஸ் வந்த கதை

என் தம்பி டிரம்ஸ் அடித்த அவுஸ்திரேலிய ராக் கோஷ்டியின் வரலாற்றை எழுத நான் தகுதியான ஆள் இல்லை. எனக்கு அந்தச் சங்கீதம் பிடிக்காது. இரண்டு பாட்டுக்கு மேல் கேட்டால் தலையிடிக்கும். ஆனாலும் அந்தக் கோஷ்டியால் என் இரத்த அழுத்தம் ஏறிய அளவுக்கு அதன் எந்த ரசிகருக்கும் ஏறியிருக்காது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு நிலைமை. நானும் அம்மாவும் பாரிஸுக்கு வெளியே சார்செல்லில், லிஃப்ட் வேலை செய்கிற நாளைத் திருநாள் போலக் கொண்டாடும் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். எனக்குப் பாரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில், விமானச்சீட்டு விற்கும் கடையில் வேலை. தம்பி படிக்கவென்று மெல்பேர்ண் போனவன். கொழும்பு விமான நிலையத்தில் வழியனுப்பியபோது தொட்டதுதான், அம்மா அவனைக் கடைசியாகத் தொட்டது. பிறகு நான் அம்மாவை இங்கே கூப்பிட்டுக்கொண்டேன். வந்த கொஞ்ச நாளிலேயே அம்மாவின் காலில் இரத்தம் கட்டி, அது நெஞ்சுவரை போய், உயிர் தப்பியது பெரும்பாடு. இனி நீண்ட விமானப் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, அம்மா அங்கே போக முடியாது. அவன்தான் இங்கே வர வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதற்குக் குறுக்கே ஒரு ராக் கோஷ்டி வந்து படுத்துக்கொண்டது.

2009ஆம் வருடத்தின் கடைசியில் ஒருநாள் போன் எடுத்து, "அக்கா, நாங்கள் ஒரு பாண்ட் தொடங்கியிருக்கிறம்" என்றான். எங்கள் வீடுகளில் ரேடியோவில் பாட்டுக்கூட வைக்காமல் இருந்த வருடம் அது. லாச்சப்பலில் யாரும் யாரிடமும் சுகம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் என்ன பதில் வருமோ என்ற பயம். இவன் அங்கே தகரத்தில் தட்டிக்கொண்டிருக்கிறான். "உனக்கு நேரங்காலமே தெரியாதோ?" என்று கத்தினேன். "எதையாவது அடிக்காட்டி எனக்கு விசர் பிடிச்சிடும் அக்கா" என்றான். அதற்கு மேல் அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே ஏசியிருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன்.

கோஷ்டியில் நான்கு பேர். பாடுகிறவன் பகலில் தண்ணீர்க் குழாய் திருத்துகிறவன். கிட்டார் வாசிக்கிறவன் வாயே திறக்காதவன். பேஸ் கிட்டார் ஒரு தாடிக்காரன். கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை. அந்தத் தாடிக்காரனின் தாயார் வீட்டுக் கராஜில்தான் ஒத்திகை. அம்மாவுக்கு அந்தத் தாயார்மேல்தான் முதல் பாசம் வந்தது. "பாவம் அந்த மனுசி. என்னெண்டுதான் தாங்குதோ. வெங்காயம் வெட்டேக்கை சுவர் அதிராதோ?" என்று கேட்பா. வீடியோவில் தாடிக்காரனைக் கண்டால் தாயின் சுகத்தை விசாரிக்காமல் விடமாட்டா. அவனும் "அம்மா, அம்மா" என்று தம்பி சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல்லை வைத்துச் சமாளித்துக்கொள்வான்.

கோஷ்டியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எதை எழுதுவது? முதல் பெயரில் கனடாவில் ஏற்கெனவே ஒரு கோஷ்டி இருந்தது. அவர்கள் வக்கீல் வைத்து மிரட்டினார்கள். இரண்டாவது பெயரை அறிவிப்பாளர்களே உச்சரிக்க முடியாமல் விழுங்கினார்கள். மூன்றாவது பெயர் நிலைத்தது, ஆனால் பாடுகிறவன் நிலைக்கவில்லை. மேற்குப் பக்கம் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். போகும்போது, இந்தக் கோஷ்டியில் தன் குரல் எடுபடவில்லை என்றானாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

அவன் இடத்துக்கு ஒரு பல்கலைக்கழகப் பெண் வந்தாள். அவள் வந்த பிறகு கோஷ்டிக்கு நல்ல காலம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏதோ வானொலிப் போட்டியில் வென்றார்கள். பெரிய கோஷ்டி ஒன்று நாடு முழுக்கச் சுற்றியபோது அதற்கு முன்னால் ஏறி வாசிக்கிறவர்களாகப் போனார்கள். ஒரு முழு அல்பம் வந்தது. தம்பி அதை எனக்கு அனுப்பினான். அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமித் தட்டில் வைத்தா. அதைக் கேட்க எங்களிடம் பெட்டி இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்தில்தான் அம்மா லாச்சப்பலில் அவனை ஒரு பெரிய ஆளாக்கிவிட்டா. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவா. பிறகு என் கடையில் குந்தியிருந்து சீட்டு எடுக்க வருகிற சனத்துக்கெல்லாம் கோஷ்டியின் வரலாற்றைச் சொல்லுவா. யார் எப்போது சேர்ந்தது, யார் கோபித்துக்கொண்டு போனது, எந்த ஊரில் வான் பழுதாகி நின்றது எல்லாம் அவவுக்கு அத்துப்படி. ஒருமுறை ஒரு அன்ரி, "அது சரி, உங்கடை மகனுக்கு அங்கை சேதேஈ குடுத்திட்டினமோ?" என்று கேட்டா. இங்கே நிரந்தர வேலைக்கான ஒப்பந்தத்துக்குச் சொல்கிற பெயர் அது. லாச்சப்பலில் ஒரு மனிதனின் தரத்தை அளக்க இதைவிட்டால் வேறு கோல் கிடையாது. அம்மா கண்ணிமைக்காமல், "ஓம், வந்த முதல் வருசமே" என்றா. ராக் கோஷ்டியில் சேதேஈ! நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன்.

இத்தனைக்கும் நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு கிழமை வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ. சீட்டை நான் போடுகிறேன். இந்தக் கடையிலிருந்து நான் எத்தனையோ சனத்தை எங்கெங்கோ ஏற்றி அனுப்பியிருக்கிறேன். கூடப் பிறந்தவனை மட்டும் ஏற்ற முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அதே பதில்: "கோஷ்டியோடை வாறன் அக்கா. சும்மா கையை வீசிக்கொண்டு வந்து என்ன செய்யிறது?" பெற்ற தாயைப் பார்க்க வருகிறவன் வேறு எதை வீசிக்கொண்டு வருவது? எனக்கு விளங்கவில்லை.

ஐரோப்பியப் பயணம் முதன்முதலாக அறிவிக்கப்பட்டபோது அம்மா புதுத் துவாய் வாங்கினா, புதுக் கட்டில்விரிப்பு வாங்கினா, ஃப்ரீசரை நிரப்பினா. பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பாடுகிற பெண் தனியாகப் பாடப்போகிறேன் என்று பிரிந்துபோனாள். ஃப்ரீசரில் இருந்ததை நாங்கள் வசந்தகாலம் முழுக்கத் தின்றோம்.

பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று சுரங்கத்துக்குப் போனவனே முதுகுவலியோடு திரும்பி வந்தான். மறுபடி வாசித்தார்கள். மறுபடி ஐரோப்பா என்றார்கள். மறுபடி ஃப்ரீசர். இந்த முறை, ஒரு பாட்டை எழுதியது நானா நீயா என்று கிட்டார்க்காரனும் தாடிக்காரனும் பிடுங்குப்பட்டு, கோஷ்டியே உடைந்தது. வாயே திறக்காதவன் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தானாம். தம்பி செய்தியைச் சொன்னபோது அம்மா ஒரு கலியாணம் முறிந்ததைப்போலத் துடித்துப்போனா. "ஆரும் பெரியாக்கள் இருந்து கதைச்சுத் தீர்க்கேலாதோ? அந்தத் தாய் என்ன செய்யிறா? என்னோடை கதைக்கச் சொல்லு" என்றா. பாஷை தெரியாத அந்தக் கிரேக்கப் பெண்மணியோடு அம்மா உண்மையிலேயே கதைக்கத் தயாராக இருந்தா. நான் என் வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறையாக, ஒரு பாத்திரத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். எறிந்துவிட்டு நானே பொறுக்கினேன்.

அவர்கள் சமாதானமாகி மறுபடி சேர்ந்தபோது கொரோனா வந்து உலகமே மூடப்பட்டது. அதற்கும் அவர்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

கடைசியில் 2023 தையில், நிச்சயம், உறுதி, எல்லாம் எழுத்தில் இருக்கிறது என்று தம்பி சொன்னான். வைகாசியில் பாரிஸ். லாச்சப்பலுக்குக் கொஞ்சத் தூரத்தில், கால்வாய்ப் பக்கமாக ஒரு நிலவறை பார். "சீட்டு விக்குதில்லை அக்கா. எங்கடை சனத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றான். என் தம்பி எங்கள் சனத்தை நினைத்தது அதுதான் முதல் தடவை. சரி, இந்த முறையாவது நடக்கட்டும் என்று நான் களத்தில் இறங்கினேன்.

எங்களுடைய கலியாணக் கார்ட், சாமத்தியவீட்டு அழைப்பு, மரண அறிவித்தல் எல்லாவற்றையும் அடிக்கிற அச்சக அண்ணை ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். பங்குனி கடைசியில் அவரிடம் போனேன். கோஷ்டியின் படங்களில் தம்பியின் முகத்தைத் தலைமயிர் மறைத்திருந்ததால், வெள்ளைச் சட்டையோடு எடுத்த அவனுடைய பழைய பாஸ்போட் படத்தைக் கொடுத்தேன். விவரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, கடையில் ஆள் நிற்கிறது என்று ஓடிவந்துவிட்டேன். அண்ணை சுறுசுறுப்பானவர். மத்தியானத்துக்குள் அடித்து, அவரே கொண்டுபோய் மரக்கறிக் கடை, இறைச்சிக் கடை, சலூன் கதவெல்லாம் ஒட்டியும் விட்டார்.

பின்னேரம் சார்செல்லில் எங்கள் பக்கத்துக் கட்டடத்து அன்ரி, ஒரு பெரிய பானையில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறா. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அயலட்டைதான் சமைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அம்மா கதவைத் திறந்ததும் அன்ரி பானையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, உங்களுக்கு இப்பிடியும் ஒரு விதியோ! என்ரை கண்ணாலை லாச்சப்பல் கடைக் கதவிலை படத்தைப் பார்த்திட்டு வாறன்" என்று கட்டிப்பிடித்துக் கதறியிருக்கிறா.

எனக்கு அதே நேரம் கடையில் போன் மேல் போன். அனுதாபம், அனுதாபம், எத்தனை மணிக்குக் கிரியை, இங்கேயா மெல்பேர்ணிலா. நான் வெளியே ஓடிப்போய் மரக்கறிக் கடைக் கதவைப் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் என் தம்பி வெள்ளைச் சட்டையில் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே, எங்கள் ஊரைப் பிறப்பிடமாகவும் அவுஸ்திரேலியா மெல்பேர்ணை வதிவிடமாகவும் கொண்டவர் என்று, எங்கள் மரண அறிவித்தல்களில் வருகிற அதே வாசகம் இருந்தது. அதற்குக் கீழே திகதி, நேரம், விலாசம். அதற்குக் கீழே, உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் வருகை தரவும். கடைசி வரி: தகவல், அக்கா, பிரான்ஸ். என் நம்பர். டிரம்ஸ் என்ற சொல் எறும்பு அளவில் ஒரு மூலையில் கிடந்தது.

அச்சக அண்ணையிடம் போய்ப் பத்ரகாளியாக நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊர் போடாட்டி ஆற்றை பிள்ளை எண்டு சனத்துக்கு என்னெண்டு தெரியும், தங்கச்சி? கறுப்புக் கரை போடேல்லையே. கலரிலைதானே அடிச்சனான்."

"அண்ணை, உயிரோடை இருக்கிறவனுக்கு ஆர் வதிவிடம் போடுறது?"

"அவன் அங்கைதானே வதியிறான்?" என்றார். இந்த மனிதனோடு என்ன கதைப்பது?

இதற்கிடையில் அம்மாவின் போன் வந்தது. அம்மா அழவில்லை. "பிள்ளை, தம்பி செத்துப்போனானாம். நீ எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டா. அந்தக் குரலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அண்ணையின் போனைப் பறித்து, வீதியில் நின்றபடியே தம்பியை எழுப்பி, இரண்டு போனையும் ஒன்றோடொன்று பிடித்தேன். அவன் தூக்கக் கலக்கத்தில் "அம்மா?" என்றான். மறுபக்கத்தில் அம்மா பெருங்குரல் எடுத்து அழத் தொடங்கினா. இறைச்சிக் கடைக்கு வந்தவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். நானும் அழுதேன்; அழுதபடியே அந்தப் படத்தைக் கதவிலிருந்து கிழித்தேன்.

அம்மா கொஞ்சம் ஆறிய பிறகு நான் அவனுக்கு அந்தப் படத்தை அனுப்பி, நடந்ததைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். "எல்லாத்தையும் கழட்டுங்கோ அக்கா. புதுசு ஒண்டும் ஒட்டவேண்டாம்" என்றான். பாவம், தன் சாவைத் தானே பார்த்துப் பயந்துவிட்டான் என்று எண்ணினேன். "எந்த ஃபிளைட்டிலை வாறாய்? ருவாசி எயார்போட்டுக்கு வந்து நிக்கிறன்" என்று கேட்டேன். மனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அடுத்த கிழமையும் மனேஜர். அதற்கடுத்த கிழமையும் மனேஜர். அம்மா கேட்டால் மட்டும், "வாறன் அம்மா" என்றான்.

அந்த நாளும் வந்தது. இரவுச் சத்தம் அம்மாவின் நெஞ்சுக்கு ஆகாது என்பதால், பின்னேரம் அவர்கள் சவுண்ட் செக் செய்கிற நேரத்துக்கு வருவதாகத் தம்பிக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். அவன் பதில் போடவில்லை. அம்மா பச்சைப் பட்டு உடுத்தி, கோழிக்கறியும் புட்டும் கட்டிய பையை எவரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு 'டி' ரயிலில் வந்தா. கார் து நோர்ட் ஸ்டேசனில் இறங்கி, அவவின் காலுக்கு ஏற்றபடி நின்று நின்று நடந்தோம். பாரின் படிகளை அவ பக்கவாட்டில், ஒவ்வொன்றாக இறங்கினா.

கீழே டிரம்ஸ் சத்தம் கேட்டது. அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. "அவன்தான்" என்றா.

கடைசிப் படியில் இறங்கிப் பார்த்தோம். சிவப்புத் தலைமயிர் உள்ள ஒரு இளம் பெண் அடித்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே அடித்தாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

எங்களைக் கண்ட தாடிக்காரன் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிவந்து, "அம்மா" என்று அவவின் இரண்டு கையையும் பிடித்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "அவன் உங்களிடம் சொல்லவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். என் ஆங்கிலத்துக்கு விளங்கியது இதுதான்: தம்பியின் மணிக்கட்டுகள் இரண்டும் போய்விட்டன. நான்காவது பாட்டுக்கே கம்பு கையிலிருந்து நழுவியது. மாசியில் அவனே விலகிவிட்டான். இப்போது குளியலறை ஓடு விற்கிற கம்பனியில் கணக்குப் பார்க்கிறான். நல்ல நிரந்தர வேலை.

நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குள் எரிந்தது. செத்துப்போனான் என்று இவ தரையில் குந்தியிருந்தாவே, அன்றைக்காவது சொல்லித் தொலைத்திருக்கலாமே!

அம்மா கொஞ்ச நேரம் அந்த டிரம்ஸையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு பையைத் திறந்து, தட்டுக் கேட்டா. கொண்டுவந்ததை எல்லாருக்கும் போட்டா. தாடிக்காரனுக்குப் போடும்போது தாயின் முழங்கால் எப்படி என்று கேட்டா. சிவப்புத் தலைப் பெண் ஒதுங்கி நின்றாள். அவளையும் கையைப் பிடித்து இழுத்து, "நீயும் சாப்பிடு பிள்ளை, கை நோகும்" என்று கோழிக்காலை அவளுக்கு வைத்தா. அதற்குப் பிறகுதான், "எடு போனை" என்று என்னிடம் சொன்னா.

மெல்பேர்ணில் அப்போது நடுச்சாமம். ஒரே மணியில் எடுத்துவிட்டான். திரையில் முகம் இல்லை, கறுப்பாக இருந்தது.

"கோஷ்டி வந்திட்டுது. நீ எப்ப வாறாய்?" என்று அம்மா கேட்டா.

"என்னத்தைக் கொண்டு வாறது அம்மா? லாச்சப்பல் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லி வைச்சிருக்கிறியள். இப்ப நான் ஆர் எண்டு வந்து நிக்கிறது?" என்றான்.

"மேளம் அடிக்கிறவனையோ நான் பெத்தனான்? முகத்தைக் காட்டு."

காட்டினான். எப்போதும் தொப்பியோடும் விளக்கு வெளிச்சத்திலும் கண்ட முகம். அலுவலகச் சட்டைகூட மாற்றாமல் இருந்தான். கன்னம் பருத்து, காதோரம் நன்றாக நரைத்திருந்தது. நான் வாய் நிறைய வைத்திருந்த ஏச்சு அத்தனையும் எங்கோ போய்விட்டது. அம்மா திரையை விரலால் தடவினா. தடவியதில் போன் ஒருமுறை அணைந்து, நான் திரும்ப எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

"அம்மா, என்னை மன்னி..." என்று தொடங்கினான்.

"அந்தக் கதை வேண்டாம். திகதியைச் சொல்லு."

அவன் எழுந்துபோய் எதையோ பார்த்துவிட்டு வந்தான். அத்தனை வருடத்தில் முதல்முறையாக, என் தம்பி ஒரு திகதியைச் சொன்னான். அது ஒரு செவ்வாய்க்கிழமை. பாரிஸில் எந்த மண்டபத்திலும் எந்தக் கோஷ்டியும் அவனுக்காகக் காத்திராத, வெறும் செவ்வாய்க்கிழமை.